பொறியாளராகப் போ, மகளே!

பொழுது விடிவதற்கு முன்பே தேவாரத்தின் தெருக்களில் ஜீப்புகளின் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். கையில் தூக்குச்சட்டியும் தோளில் ஒரு பையுமாக நம் தாய்மார் அதில் நெருக்கியடித்து ஏறி அமர்கின்றனர். போடி மெட்டு வழியாகவோ கம்பம் மெட்டு வழியாகவோ மலை ஏறினால் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கிவிடுகிறது. அங்கே ஏலத் தோட்டங்களில் நாள் முழுவதும் குனிந்து காய் எடுத்துவிட்டு, மாலையில் மீண்டும் எல்லையைக் கடந்து இறங்கி வருகின்றனர். மழை பெய்தாலும் போகின்றனர். அட்டை கடித்தாலும் போகின்றனர். நம் பள்ளி மாணவியர் பலருடைய சீருடையும் புத்தகமும் அந்த ஜீப்பில் போய் வந்த பணத்தில் வாங்கப்பட்டவைதாம்.

இப்படி அன்றாடம் ஒரு மாநில எல்லையைக் கடந்து பிழைக்கும் பெண்கள் வாழும் ஊரில், "படித்த பெண்ணை வேலைக்காக வெளிநாட்டிற்கு அனுப்பலாமா?" என்ற கேள்வி எழலாமா? எழுகிறது. ஆண்டுதோறும் எழுகிறது. அதற்கு என் மனத்திற்பட்ட விடையை இம்மலரில் எழுத விரும்புகிறேன். பெற்றோர் பெருமக்களும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சில ஆண்டுகளுக்கு முன் என் கணித வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். மற்றவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்போது, "இது எங்கேயிருந்து வந்தது, டீச்சர்?" என்று கேட்பவள். அவள் கேள்விக்கு விடை சொல்ல நான் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிய நாள்கள் உண்டு. பொறியியல் படித்தாள். சென்னையில் ஒரு நிறுவனத்தில் மூன்றாண்டுகள் வேலை பார்த்தாள். அந்த நிறுவனமே அவளை இரண்டாண்டுப் பணிக்காக ஜெர்மனிக்கு அனுப்ப முன்வந்தது. அப்போது அவள் தந்தை என்னைத் தேடி வந்தார்.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. வயசுப் புள்ளைய அம்புட்டுத் தூரம் தனியா அனுப்பிட்டு நாங்க எப்படித் தூங்குறது? கல்யாணம் முடிச்சு, புருஷனோட எங்க வேணும்னாலும் போகட்டும். நாங்க வேண்டாம்னா சொல்றோம்?"

நல்ல மனிதர், மகள் மீது உயிரையே வைத்திருந்தவர். நான் அன்று அவரோடு வாதாடவில்லை. "உங்கள் விருப்பம் ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று நான் வாய்திறவாமல் இருந்தது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அவர் சொன்னபடியே நடந்தது. அமெரிக்காவில் பணிபுரியும் ஒரு பொறியாளருக்கு அவளை மணமுடித்துக் கொடுத்தனர். அவளும் கடல் கடந்தாள். ஆனால் எப்படிக் கடந்தாள்? எச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கு அங்கே எச்-4 என்னும் சார்பு விசா கொடுக்கப்படுகிறது. 2015 மே மாதம் வரை அந்த விசாவில் இருந்த எவரும் ஊதியத்திற்கு வேலை பார்க்கவே முடியாது. அதன் பிறகும், கணவருடைய நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டுமே மனைவி வேலைக்கு அனுமதி கேட்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. நம் மாணவியின் கணவர் புதிதாகச் சென்றவர். அந்தக் கட்டம் அவருக்கு நெடுந்தொலைவில் இருந்தது. ஆகவே அவள் வீட்டிலிருந்தாள். ஒருமுறை தொலைபேசியில் பேசியபோது, "இங்கே எல்லாரும் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்றுதான் கேட்கிறார்கள் டீச்சர், நான் என்ன படித்தேன் என்று யாரும் கேட்பதில்லை" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பின்னொரு நாள் அவள் தந்தைக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். மகளுக்கு உடனே வர வேண்டும். பயணச்சீட்டுக்குக் கணவரைக் கேட்க வேண்டும். அவர் தம் வீட்டாரைக் கேட்க வேண்டும். அவர்கள் அந்த மாதச் செலவைப் பார்க்க வேண்டும். அவள் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. இறைவனருளால் தந்தை பிழைத்துக்கொண்டார். அந்தப் பன்னிரண்டு நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே, நம் பெண்கள் வெளிநாடு செல்லலாமா, கூடாதா என்ற பட்டிமன்றமே வீண். அவர்கள் சென்றுகொண்டுதான் இருக்கிறார்கள். யாருடைய விசாவில், யாருடைய பணி ஆணையை நம்பிச் செல்கிறார்கள் என்பதே நாம் பேச வேண்டியது. படித்த பெண் தன் பெயருக்கு வந்த பணி ஆணையோடு செல்லட்டும் என்பது என் கருத்து. திருமணம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். மணமானபின் சென்றாலும் அவ்வாறே செல்லட்டும் என்கிறேன்.

வேலைக்காகத் தாய்நாட்டை விட்டுச் செல்வது தவறு என்று நம் பள்ளத்தாக்கில் யாரும் சொல்ல முடியாது. பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் வருமா என்று நம் விவசாயிகள் ஏங்கிப் பார்க்கிறார்களே, அந்தத் தண்ணீரைத் தந்த பெரியாற்று அணையைக் கட்டியவர் யார்? ஆங்கிலேயப் படைப் பொறியாளர் ஜான் பென்னிகுவிக். 1841-இல் பூனாவில் பிறந்து, இங்கிலாந்தில் பயின்று, 1860-இல் சென்னை மாகாணத்துக்கு வேலைக்கு வந்தவர். 1887-இல் தொடங்கிய பணி 1895-இல் முடிந்தது. மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே நம் பக்கம் திருப்பிவிட்டார்கள். வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. மலேரியாவும் காலராவும் வந்து தொழிலாளர்களைக் கொண்டு போயிருக்கின்றன. பெயர் தெரியாத அந்தக் கூலியாட்களின் உயிரும் அந்தச் சுண்ணாம்புக் காரையில் கலந்திருக்கிறது. (அணையைக் குறித்து மலைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேறு கவலைகள் உண்டு. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.)

பென்னிகுவிக் ஆளும் அரசின் ஊழியர். தருமம் செய்ய வந்தவர் அல்லர். சம்பளத்திற்காகக் கடல் கடந்து வந்த ஒரு பொறியாளர், தமக்கு இட்ட வேலையை மனமார முடித்தார். அவ்வளவே. அந்த அவ்வளவுக்காகத்தான் நம் பகுதியில் இன்றும் பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகிறார்கள். சனவரி 15-இல் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அந்நிய நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவரைச் சாமி அறைவரை கொண்டு போய் வைத்த நாம், நம் வீட்டுப் பெண் இன்னொரு நாட்டில் பாலமோ மின்நிலையமோ அமைக்கப் போனால் மட்டும் முகம் சுளிக்கலாமா?

கடல் கடந்தேனும் பொருள் தேடச் சொன்னவள் ஔவை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். சொன்னவள் ஒரு பெண். அதைக் கேட்டு மகனை மட்டும் கப்பலேற்றிவிட்டது நாம்.

"பெண்ணுக்கு எதற்கு எஞ்சினீயர் வேலை?" என்பவர்களுக்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் கதையைச் சொல்ல வேண்டும். அந்தக் கல்லூரியில் 1940-இல் லலிதா என்ற பெண் சேர்ந்தார். பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். அக்காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டு என்று ஊர் விதித்திருந்தது. ஆனால் அவர் தந்தை பாப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். மகளுக்காக முதல்வரிடம் பேசி இடம் வாங்கினார். தனி ஒருத்தியாக இருக்கிறாளே என்று கல்லூரி மேலும் பெண்களைத் தேட, கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்ற இருவர் சேர்ந்தனர். 1943-இல் மூவரும் பட்டம் பெற்றனர். பட்டச் சான்றிதழ்களோ ஆண்களுக்கென்றே அச்சடிக்கப்பட்டவை. ஆங்கிலத்தில் 'அவன்' என்றிருந்த சொல்லை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் எழுதித் தந்தார்களாம்!

இவர்களில் திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். லலிதா தம் மகளை வளர்த்துக்கொண்டே கல்கத்தாவில் ஒரு பெரிய மின்பொறி நிறுவனத்தில் பணியாற்றினார். பக்ரா நங்கல் அணைக்கான மின்நிலைய வடிவமைப்பில் அவர் கை உண்டு. 1964-இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்களும் அறிவியலாளரும் கூடிய முதல் பன்னாட்டு மாநாட்டுக்குச் சென்றுவந்தார். அழைப்பு அவர் பெயருக்கே வந்தது. ஒரு தகப்பன் ஒருநாள் முதல்வர் அறைக்குப் போய்ப் பேசியதால் நடந்தது இது. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என்னைத் தேடி வந்த அந்தத் தந்தையை நினைத்துக்கொள்கிறேன். அவர் பேச வந்தார். பேச வேண்டிய நானல்லவோ பேசவில்லை.

நிற்க. மலைக்கு அந்தப் பக்கம் நம்மைவிட முன்னே போய்விட்டார்கள். 1960-களில் கேரளத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் மேற்கு ஜெர்மனிக்குச் செவிலியராகச் சென்றனர். திருச்சபையின் தொடர்புகளே பலருக்கு வழிகாட்டின. மொழி தெரியாது, குளிர் தெரியாது, பலருக்கு வயது இருபதுகூட இல்லை. அங்கேயே தொழில் கற்று, வேலை பார்த்து, ஊருக்குப் பணம் அனுப்பித் தம்பி தங்கையரைப் படிக்க வைத்தனர். பிறகு ஊருக்கு வந்து திருமணம் செய்துகொண்டு கணவரை அழைத்துச் சென்றனர். அங்கே போன கணவர்களில் பலருக்கு உடனே வேலை செய்ய அனுமதி கிடைக்கவில்லை. மனைவி மருத்துவமனைக்குப் போக, கணவர் வீட்டில் சமைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். அது அந்த ஆண்களுக்கு எளிதாக இருந்திருக்காது. ஆனால் இதே நிலையில் நம் பெண்ணை நாம் மேளதாளத்தோடு அனுப்பி வைக்கும்போது, "இது அவளுக்கு எளிதாக இருக்குமா?" என்று யாராவது கேட்கிறோமா?

ஜெர்மனி என்றதும் இன்னொன்று. அந்நாடு 2012 முதல் வழங்கும் நீல அட்டை என்னும் வேலை அனுமதியில் செல்பவரின் வாழ்க்கைத் துணையும் அங்கே வேலை பார்க்கலாம். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கும் பெற்றோர், அவர் இருக்கும் நாட்டில் மகள் வேலை பார்க்க முடியுமா என்பதையும் விசாரிக்கலாமே! சாதகத்தைப் பார்க்கச் செலவிடும் நேரத்தில் கால்பங்கு போதும்.

தனியே போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கத்தோலிக்கர்களாகிய நமக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மகள் கன்னியர் மடத்தில் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்கோ ரோமாபுரிக்கோ அனுப்பப்பட்டால் ஊரைக் கூட்டிப் பூசை வைத்து வழியனுப்புகிறோம். அன்னை தெரசா ஸ்கோப்பியே நகரை விட்டுப் புறப்பட்டபோது வயது பதினெட்டு, ஆண்டு 1928. அடுத்த சனவரியில் கல்கத்தா வந்து சேர்ந்தார். பெற்ற தாயை அதன்பின் அவர் பார்க்கவே இல்லை. அந்தத் தாய் அனுப்பிய துணிச்சலைப் பலிபீடத்தில் போற்றுகிறோம். தேவ அழைத்தலும் சம்பள வேலையும் ஒன்றா என்று சிலர் சினக்கக்கூடும். ஒன்றென்று நானும் சொல்லவில்லை. தொலைதூரம் பெண்ணுக்கு ஆகாது என்ற வாதம் மட்டும் நம் வாயிலிருந்து வரக் கூடாது.

"வயதான காலத்தில் எங்களை யார் பார்ப்பது?" இதுதான் மனத்தை அழுத்தும் கேள்வி. இதற்குச் சுலபமான விடை என்னிடம் இல்லை. மணமாகிப் போனாலும் மகள் அதே தூரத்தில்தான் இருக்கிறாள். சொந்தச் சம்பளம் உள்ளவள் யாரையும் கேட்காமல் மறுநாள் விமானம் ஏறலாம் என்பதை மட்டும் அந்தப் பன்னிரண்டு நாளை வைத்துச் சொல்கிறேன். அந்த வேலையும் நிலையானதன்று. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் உள்ளவர் வேலையை இழந்தால், புது வேலை தேட 60 நாள் அவகாசம் என்று 2017 முதல் விதி. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ஒரே ஆணையில் அறிவித்தார்கள். எத்தனை வீடுகளில் அன்றிரவு உறக்கம் போயிற்றோ! ஒரே நாட்டை நம்பி வாழ்க்கையைக் கட்டுவது மணலில் கட்டுவது போலத்தான்.

தாய்நாட்டின் பணத்தில் படித்துவிட்டு அந்நியனுக்கு உழைக்கலாமா என்ற குற்றச்சாட்டும் பழையது. 1959-இல் சென்னையில் ஐ.ஐ.டி. தொடங்கியது, 1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் தளர்த்தியது, அதன்பின் நம் பொறியாளர்கள் அலை அலையாகச் சென்றனர். வாதத்தில் உண்மை இருக்கிறது. கிண்டியில் பயின்ற வர்கீஸ் குரியன் அரசு உதவித்தொகையில் அமெரிக்கா சென்று படித்துவிட்டு, 1949-இல் குஜராத்தின் ஆனந்துக்கு வந்தார். அரசோடு செய்த ஒப்பந்தத்தால் அரைமனத்தோடு வந்தவர்தாம். அங்கேயே தங்கி நாட்டின் பால் வளத்தையே மாற்றினார். அவர்போல் போய்த் திரும்புவோரையே நானும் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் மகன் போகும்போது "அதிர்ஷ்டசாலி" என்றும் மகள் போகும்போது "தேசத்துக்கு உழைக்க வேண்டாமா?" என்றும் பேசும் நாவை மட்டும் நான் நம்புவதில்லை.

போகிறவள் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். பணி ஆணையில் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், திரும்பி வரும் செலவு எல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆள் அனுப்பும் முகவர், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேட வேண்டும். 2022 செப்டம்பரில் நம் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது: தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைக்கப்பட்ட படித்த இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் சிக்கி மீண்டார்கள். எந்தக் காரணத்திற்கும் கடவுச்சீட்டைப் பிறர் கையில் ஒப்படைத்துவிடக் கூடாது. போகும் நாட்டின் மொழியைப் போகுமுன்பே ஓராண்டாவது படிக்க வேண்டும். அந்தச் செவிலியப் பெண்கள் குளிரைவிட மொழிக்குத்தான் அதிகம் அழுதிருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவை எடுக்க வேண்டும். அதைத்தான் நம் மாணவியர் தயங்கித் தயங்கி எடுக்கிறார்கள். முன்பு பொறியியல் என்றால் மதுரை, கோவை, சென்னை என்று விடுதி தேட வேண்டும். 2012-இல் போடியிலேயே அரசுப் பொறியியல் கல்லூரி வந்துவிட்டது. காலையில் பேருந்து ஏறி மாலையில் வீடு வந்துவிடலாம். தூரம் என்ற சாக்கு படிப்புக்கு இல்லாமற் போயிற்று.

இந்த ஆண்டுச் சேர்க்கையின்போது ஒரு தாய் மகளோடு வந்தார். ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர்; அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். காய் எடுத்துக் கறுத்திருந்த விரல்களால் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கணக்கு எடுத்தா வெளிநாட்டுக்குப் போயிருவான்றாகளே, நெசமா டீச்சர்?"

"போகலாம், போகாமலும் இருக்கலாம் அம்மா. போனால் அவள் பெயருக்கு வேலை வந்துதான் போக வேண்டும்" என்றேன். இம்முறை வாய்திறந்துவிட்டேன்.

எத்தனை வருடம், எவ்வளவு செலவு, உதவித்தொகை எப்போது வரும், போடிக்குக் கல்லூரி நேரத்துக்குப் பேருந்து உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மகள் தலை நிமிராமல் 'பாடப்பிரிவு' என்ற கட்டத்தை நிரப்பினாள். தாய் கையெழுத்திட்டார். பிறகு, மறுநாள் ஜீப்பில் இடம் சொல்லி வைக்க வேண்டும் என்று எழுந்து போனார்.